வெள்ளத்துக்குப் பின் வரும் பழி: எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. முறையான முன்னறிவிப்பு இல்லாமல் திறந்ததால்தான் சென்னை மூழ்கியது என்று தி.மு.க. குற்றம் சாட்டியது. அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. ஒன்பது ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையாற்றில் 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. முன்னறிவிப்பு இல்லை என்று இந்த முறை குற்றம் சாட்டியவர் அ.தி.மு.க.வின் எடப்பாடி பழனிசாமி. ஆட்சியில் இருந்தது தி.மு.க. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம், படிப்படியாகத்தான் திறந்தோம் என்று நீர்வளத்துறை அமைச்சர் துரைமுருகன் பதில் சொன்னார். கூடவே செம்பரம்பாக்கத்தையும் நினைவூட்டினார். கேள்வி அதே கேள்விதான். கேட்பவரும் பதில் சொல்பவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

இந்தச் சண்டை விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தூரத்துச் சண்டை இல்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கிலிருந்து வரும் ஆறுகள் கடலில் சேரும் பகுதி, விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் 9-ல் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில், பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஊர்களில் ஓடைத் தண்ணீர் வீடுகளுக்குள் பாய்ந்து பலரைக் கொண்டுபோனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிவதற்குள் பழி கிளம்பிவிட்டது. அந்தப் பழியில் எது சரக்கு, எது வெறும் சத்தம் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பழி சொல்வதே தவறா?

'இது அரசியல் பேசும் நேரம் இல்லை' என்று ஆளுங்கட்சி சொல்லும். எந்தக் கட்சி ஆண்டாலும் சொல்லும். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இதற்கு நம் ரயில் பாதையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

1956 நவம்பர் 22 இரவு சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விழுப்புரம், விருத்தாசலம் வழியாகச் செல்லும் பாதையில் அரியலூரைத் தாண்டியது. மறுநாள் விடியும் நேரம், மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனப்பட்டிருந்த இடத்தில் வண்டி கவிழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக இல்லை, பொறுப்பேற்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக விளக்கமும் சொன்னார்.

அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த ஓ.வி.அழகேசன். 1957 தேர்தல், தி.மு.க. களமிறங்கிய முதல் பொதுத்தேர்தல். ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக்கி, அரியலூரையும் அழகேசனையும் ஒரே அடியில் கோத்து எழுந்த கோஷம் ஊர் ஊராகப் பரவியது. அழகேசன் அந்தத் தேர்தலில் தோற்றார். 1962-ல் மறுபடி வென்று வந்தார்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் மூன்று வேறு காரியங்கள் கலந்திருக்கின்றன. சாஸ்திரி செய்தது தார்மீகப் பொறுப்பேற்பு. கோஷம் போட்டவர்கள் செய்தது தேர்தல் அரசியல். பாலம் ஏன் நிற்கவில்லை, வெள்ள நேரத்தில் பாதையை யார் பார்த்திருக்க வேண்டும் என்பது காரணத்தைத் தேடும் விசாரணை. மூன்றுக்கும் ஜனநாயகத்தில் இடம் உண்டு. ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்ளும்போதுதான் கோளாறு வருகிறது. அமைச்சர் விலகியதால் பாலம் பலப்பட்டுவிடாது. கோஷம் வென்றதால் காரணம் தெரிந்துவிடாது.

அணைச் சண்டையில் உண்மையில் என்ன கேள்வி?

கன அடி கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு 1,68,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 14.5 டி.எம்.சி. ஆகும். சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவே 7.3 டி.எம்.சி.தான். அதாவது அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், காலி அணைகூட ஏறக்குறைய 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். மேலே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் அன்று 50 செ.மீ. மழை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அணை நிரம்பும் நிலையில் இருக்க, வெள்ளமும் வந்துவிட்டால், திறக்காமல் இருக்க முடியாது. திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து; அணை உடைந்தால் போகும் உயிர்களுக்குக் கணக்கே இருக்காது. ஆகவே 'ஏன் திறந்தாய்?' என்ற கேள்வி பெரும்பாலும் வீண் கேள்வி. கேட்க வேண்டியவை வேறு இரண்டு. மழை எச்சரிக்கை வந்த நாளில் அணையில் எவ்வளவு இடம் காலியாக வைத்திருந்தார்கள்? திறந்த அளவு ஒவ்வொரு முறை கூடியபோதும் அந்தச் செய்தி கீழே இருந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது?

முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு தர்மசங்கடமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடியும்போது அணை நிரம்பியிருந்தால்தான் கோடைக்குத் தண்ணீர். முன்கூட்டியே திறந்துவிட்டு, எதிர்பார்த்த மழை பொய்த்துப் போனால், 'தண்ணீரை வீணடித்துவிட்டார்கள்' என்று அதே எதிர்க்கட்சி அதே மேடையில் பேசும். 2015-ல் சென்னையை மூழ்கடித்ததாகப் பேசப்பட்ட செம்பரம்பாக்கம், 2019 கோடையில் வறண்டு கிடந்தது. நகரம் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது. மதகை இயக்கும் பொறியாளருக்கு இரண்டு பக்கமும் பழி. அதனால் அவர் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பார். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கீழே உள்ளவர்களின் நேரம். இதற்கு ஒரே மருந்து, எந்தத் தேதியில் எந்த மட்டம், எவ்வளவு நீர்வரத்துக்கு எவ்வளவு திறப்பு என்று முன்பே எழுதிவைத்த விதி. விதிப்படி நடந்தவரைக் காப்பாற்ற வேண்டும். மீறியவரைக் கேட்க வேண்டும். கட்சிச் சண்டையில் இந்த விதியைப் பற்றிய பேச்சே வருவதில்லை.

செம்பரம்பாக்கம் விஷயத்தில் இந்த வேலையைச் செய்தது சி.ஏ.ஜி. எனப்படும் கணக்குத் தணிக்கைத் துறை. அதன் அறிக்கை 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. ஏரியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தபோதே, உள்ளே வந்ததைவிட அதிகமாக, 29,000 கன அடி வீதம் 21 மணி நேரம் திறந்துவிட்டார்கள் என்று அது கணக்கோடு எழுதியது. மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே அதைச் சொன்னது. ஆக்கிரமிப்புகளை அகற்றாதது, அவசரகாலச் செயல்திட்டம் இல்லாதது ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னது.

இங்கே இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மேடையில் சொன்ன குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. எதிர்க்கட்சி கத்தியது வெறும் அரசியல் என்று தள்ளியிருந்தால் தவறாகியிருக்கும். இரண்டு, அந்த உண்மை நிரூபணமாக இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் 2016 தேர்தல் வந்து போய்விட்டது. ஆளுங்கட்சியே மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. வெள்ளம் தொட்ட கடலூர் மாவட்டத்திலும், விருத்தாசலம் தொகுதியில் அ.தி.மு.க.வின் வி.டி.கலைச்செல்வன்தான் வென்றார். அறிக்கை வந்தபோது அதைப் படிக்கும் சூடு ஊரில் இல்லை.

2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. உங்கள் ஊருக்கு மேலே உள்ள அணைக்கு அந்தத் திட்டம் தயாரா என்று கேட்க இப்போது சட்டமே துணை இருக்கிறது.

விருத்தாசலத்துக்கு எந்தத் தண்ணீர்?

சாத்தனூர் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்தத் தண்ணீர் விருத்தாசலத்துக்கு வராது. அது திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலில் சேர்கிறது. விருத்தகிரீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுக்தாற்றுக்குத் தண்ணீர் வருவது கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து. அங்கே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மணிமுக்தா அணையும் கோமுகி அணையும் இருக்கின்றன. ஆறு விருத்தாசலத்தைத் தாண்டி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது.

அணை ஒரு மாவட்டத்தில், ஊர் இன்னொரு மாவட்டத்தில். ஆகவே எச்சரிக்கை கள்ளக்குறிச்சி கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடலூருக்கும், அங்கிருந்து தாசில்தாருக்கும், அவரிடமிருந்து வி.ஏ.ஓ.வுக்கும், கடைசியில் ஆற்றோரத் தெருவுக்கும் இறங்கி வர வேண்டும். 'ஐந்து முறை எச்சரித்தோம்' என்று ஓர் அமைச்சர் சொல்வதும், 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்று ஒரு தெரு சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். செய்திக்குறிப்பு அனுப்பியவர் அனுப்பியதைச் சொல்கிறார். தெரு தன் காதில் விழாததைச் சொல்கிறது. இடையில் எந்தப் படியில் செய்தி நின்றுபோனது என்று பார்ப்பதுதான் விசாரணை. அதற்குக் கட்சிக் கொடி தேவையில்லை, நேரம் குறித்த பதிவேடு போதும்.

பணச் சண்டை: 'கொடுத்தோம்', 'தரவில்லை'

வெள்ளம் வடிந்ததும் அடுத்த சண்டை சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவே. ஃபெஞ்சலுக்குப் பின் முதல்வர் மு.க.ஸ்டாலின் உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டார். பிறகு மத்தியக் குழுவிடம் கொடுத்த மனுவில் 6,675 கோடி கேட்டார். டிசம்பர் 6-ல் மத்திய அரசு 944.80 கோடி விடுவித்தது. கொடுத்துவிட்டோம் என்று ஒரு பக்கம், புயலுக்கென்று எதுவும் வரவில்லை என்று மறுபக்கம். யார் சொல்வது சரி?

இரண்டு பைகள் இருக்கின்றன. ஒன்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. புயல் வந்தாலும் வராவிட்டாலும், நிதி ஆணையம் வகுத்த கணக்குப்படி ஆண்டுதோறும் வருவது; மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். அந்த 944.80 கோடி என்பது 2024-25 ஆண்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய இரண்டு தவணையும்தான். வரவேண்டிய சம்பளம் வந்தது. அதை போனஸ் என்று சொல்ல முடியாது, வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொரு பை தேசியப் பேரிடர் நிவாரண நிதி. பாதிப்பு கடுமையாக இருந்து, மத்தியக் குழு வந்து பார்த்து, உயர்நிலைக் குழு ஒப்புக்கொண்டால்தான் அது திறக்கும். அதிலிருந்து தமிழகத்துக்கு 522.34 கோடி ஒதுக்கியது 2025 ஏப்ரலில். புயலுக்கும் பணத்துக்கும் நடுவே நான்கு மாதம்.

மாநிலம் கேட்கும் தொகையும் மத்திய அரசு ஒப்பும் தொகையும் இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணமும் இதில் உண்டு. மாநிலம் சேதம் முழுவதையும் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்கிறது. மத்திய நிதியோ உடனடி நிவாரணத்துக்கு விதியில் வகுத்த தொகையை மட்டும் கணக்கிடுகிறது. முழு இழப்பீடு தருவது அதன் வேலை என்று விதி சொல்லவில்லை. விதியை மாற்ற வேண்டும் என்பது நியாயமான அரசியல் கோரிக்கை. ஆனால் மேடையில் விதி பேசப்படுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் பிறகு, 'அப்பன் வீட்டுப் பணமா' என்ற பேச்சைச் சுற்றி உதயநிதி ஸ்டாலினுக்கும் நிர்மலா சீதாராமனுக்கும் இடையே நடந்த வாதம்தான் நாட்கணக்கில் செய்தியில் ஓடியது.

இந்தச் சத்தத்தில் சின்னத் தொழில் செய்பவர் காணாமல் போகிறார். ஃபெஞ்சல் வந்த 2024-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அகல் விளக்குக்கு ஆண்டிலேயே பெரிய விற்பனை நடக்கும் வேளையில் வெயில் இல்லை. வார்த்த மண் காயாவிட்டால் சூளைக்குப் போகாது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையைச் சுற்றி அகலும் பொம்மையும் மின் பீங்கான் பொருளும் செய்யும் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட இழப்பு ரேஷன் கார்டுக்கு அறிவித்த 2,000 ரூபாயில் அடங்காது. கைவினைஞரின் கருவியும் மூலப்பொருளும் செய்துகொண்டிருந்த பொருளும் சேதமானால் உதவி தர, நிவாரண நிதி விதியிலேயே இடம் இருக்கிறது. தொகை சிறியது, அதற்கும் உரிய அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும். கணக்கெடுப்பில் பயிர், குடிசை, மாடு என்ற பத்திகளோடு கைத்தொழில் என்ற பத்தியும் நிரப்பப்பட்டதா என்று எந்தக் கட்சிக்காரரும் கேட்டு நாம் பார்ப்பது அரிது.

கட்சிகள் ஏன் இப்படியே செய்கின்றன?

நாம் அப்படிப் பழக்கியிருக்கிறோம் என்பது கசப்பான பதில். அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, வாக்காளர்கள் நிவாரணம் கொடுத்த அரசுக்குப் பரிசளிக்கிறார்கள், பேரிடருக்கு முன் தடுப்புக்குச் செலவிட்ட அரசைக் கண்டுகொள்வதில்லை என்று காட்டியது. தடுப்புக்குப் போடும் ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் சுமார் 15 டாலரை மிச்சப்படுத்தும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இந்தியத் தேர்தல்களை வைத்து ஷான் கோல், ஹீலி, எரிக் வெர்க்கர் ஆகியோர் 2012-ல் செய்த ஆய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது. மழை கெட்டால் வாக்காளர்கள் ஆளுங்கட்சியைத் தண்டிக்கிறார்கள். சுறுசுறுப்பாக நிவாரணம் செய்தால் அந்தத் தண்டனை குறைகிறது, முழுதாக மறைவதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் நாம் கண்ட காட்சிகள் புரியும். 2015-ல் நிவாரணப் பொருட்களில் ஜெயலலிதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியதாக எழுந்த சர்ச்சை ஏன்? கொடுக்கும் கை கண்ணில் படவேண்டும் என்பதால். தூர்வாரிய வாய்க்காலில் ஸ்டிக்கர் ஒட்டி என்ன பயன்? வெள்ளம் வராமல் போனால் அந்த வேலையை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

2024 டிசம்பர் 3-ல் விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில், வெள்ளம் பார்க்கப் போன அமைச்சர் க.பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. சேறு வீசியவருக்கு எந்தக் கட்சித் தொடர்பு என்பதே பிறகு பெரிய பேச்சானது. மக்கள் அங்கே நெடுஞ்சாலையில் மறியலுக்கு உட்கார்ந்ததற்குக் காரணம் சாப்பாடும் குடிதண்ணீரும் வரவில்லை என்பது. அது பின்னால் தள்ளப்பட்டது. சேறு வீசுவதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோபத்துக்குக் கட்சிப் பெயர் சூட்டிவிட்டால், அதற்குப் பதில் சொல்லும் கடமை தீர்ந்துவிட்டதாக அதிகாரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எதிர்க்கட்சியும் அந்தக் கோபத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

நல்ல குற்றச்சாட்டை எப்படி அடையாளம் காண்பது?

அதில் மணியும் அளவும் பதவியும் இருக்கும். 'இந்த அரசு மக்களைக் கொன்றுவிட்டது' என்பதைச் சரிபார்க்க வழியில்லை. 'இரவு இத்தனை மணிக்கு இவ்வளவு கன அடியாக உயர்த்தினார்கள், எங்கள் ஊருக்கு இத்தனை மணிக்குத்தான் சொன்னார்கள், சொல்ல வேண்டியவர் இந்த அதிகாரி' என்பதைச் சரிபார்க்கலாம். பதிலுக்கும் இதே அளவுகோல்தான். 'கடந்த ஆட்சியில் இதைவிட மோசம்' என்பது பதில் ஆகாது. பதிவேட்டைக் காட்டுவது பதில்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். நீங்கள் வாக்களித்த கட்சி இப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்திருந்தால், இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? 2015-ல் கேட்டவர் 2024-ல் வாய் மூடினாலும், 2015-ல் வாய் மூடியவர் 2024-ல் கேட்டாலும், அவருக்கு வேண்டியது தண்ணீர்க் கணக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

விருத்தாசலம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழி சொல்லும் மாதமான டிசம்பருக்குக் காத்திருக்காதீர்கள். பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே நகர்மன்ற உறுப்பினரிடமும், கிராமத்தில் இருந்தால் கிராம சபையிலும் நான்கு கேள்வி கேளுங்கள்: மணிமுக்தா, கோமுகி அணைகளில் மழைக்காலத்தில் எந்த மட்டம் வரை தண்ணீர் தேக்குவார்கள்? திறந்தால் நம் தெருவுக்கு யார், எந்த வழியில் சொல்வார்? ஆற்றோர மக்கள் தங்கும் பள்ளிக்கூடம் எது? சேதக் கணக்கெடுப்பில் கைத்தொழிலைச் சேர்க்கும் அதிகாரி யார்? வாயால் வரும் பதிலை நம்பி இருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தத் தாள் மாறாது.